மாமா ஏறிய கூரை

அத்தியாயம் 17

பதினோரு மாதங்களாக உண்ணாமலை தன் மகனோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு உடையார்பாளையத்து வீட்டு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பிரசாத் இறங்கினான். அப்போதும் அவள் மருமகளைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"யாரக் கேட்டு வந்திருக்கானாம்? கேளு."

ஜெயசித்ரா இடுப்பில் இருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"நான்தான் அத்தை வரச் சொன்னேன்."

உண்ணாமலை அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரவில்லை. இந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆள் மருமகள்தான். புருஷன் போன பிறகு இரவெல்லாம் தூக்கம் வராமல் அவள் புரண்டபோது, பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டவள் ஜெயசித்ரா. பதினாறாம் நாள் வரை ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தபோது, கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டவளும் அவள்தான்.

"எதுக்கு வரச் சொன்ன?"

"புதன்கிழமை ஸ்விட்ச் போர்டுல கை வச்சப்ப ஷாக் அடிச்சிச்சே அத்தை. பாப்பா இடுப்புல இருந்தா. சுவரெல்லாம் தண்ணி. ஐப்பசி பொறக்கப் போவுது. இன்னும் எத்தனை நாளைக்கிப் பாத்திரம் வச்சிப் பிடிக்கிறது?"

உண்ணாமலை வாசலை விட்டு நகரவில்லை.

அந்த வீட்டில் முன்பக்கம் தளம் போட்ட இரண்டு அறைகள். பின்பக்கம் தகரச் சீட்டு போட்ட கூடமும் சமையலறையும். சீட்டு சரிந்து வந்து தளத்துச் சுவரைத் தொடும் இடத்தில், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக நீளவாக்கில் ஒரு தகர வாய்க்கால் உண்டு. பக்கத்துச் சந்தில் இருக்கும் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் கீழே இறங்கும். ரோட்டோரத்தில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் வருஷம் பூராவும் இலையைக் கொட்டும். பொடிப்பொடியான இலை. வாய்க்காலில் படிந்து ஊறிக் குழாயின் வாயை அடைத்துவிடும். மழை வந்தால் போக வழியில்லாத தண்ணீர் கூடத்துக்குள் இறங்கும்.

போன கார்த்திகையில் அந்த இலையைத் தள்ளிவிடத்தான் அவள் புருஷன் கொளஞ்சி மழையோடு மழையாக ஏறினார். ஏறியவர் சந்தில் கிடந்த துவைக்கிற கல்லின் மேல் விழுந்தார். அரியலூர் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அவர் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசாத் வருவதாகச் சொல்லியிருந்தான். ஆளைக் கூட்டி வந்து இலையை அள்ளிவிட்டு, வாய்க்காலுக்கு மேல் ஒரு வலை போட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். பெரம்பலூர் பக்கம் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஓ.டி. பார்க்கச் சொன்னார்கள். தங்கிவிட்டான். உண்ணாமலையோ திருமானூரில் தம்பி மகளின் சடங்குக்குப் போயிருந்தாள். பட்டுப்புடவையோடு திரும்பி வந்தவள் பார்த்தது புருஷனின் உடலைத்தான்.

'சொன்ன நாளுல அவன் வந்திருந்தா அவரு ஏறியிருப்பாரா?'

இந்த ஒரு கேள்விதான் அவளைப் பதினோரு மாதமாக நடமாட வைத்துக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லை ஆள் வைத்து உடைத்துத் தூர எறியச் சொன்னாள். கூரையில் அதன்பிறகு யாரையும் ஏறவிடவில்லை.

லோடு ஆட்டோவிலிருந்து ஏணியும், சுருட்டிய கம்பி வலையும், கயிற்றுக் கட்டும் இறங்கின. இறக்கியவர் ராஜராஜன். ஜெயங்கொண்டம் ரோட்டில் தகரச் சீட்டு வேலைப் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும்.

"யக்கா, நல்லாருக்கீங்களா?"

"ஏணிய அந்தப் பக்கம் கொண்டு போவாதீங்க" என்றாள் உண்ணாமலை.

"அம்மா, நான் ஏறல. ராஜராஜண்ணன்தான் ஏறுறாரு" என்றான் பிரசாத்.

அவள் மருமகளைப் பார்த்தாள். "அந்தக் கூரையில ஏறினா என்னா ஆவும்னு அவனுக்குத் தெரியும்ல? சொல்லு."

"யக்கா, நான் இருபத்திரண்டு வருஷமா சீட்டு மேலதான் இருக்கேன்" என்றார் ராஜராஜன்.

"அவரும் முப்பது வருஷமா ஏறினவருதான்."

ராஜராஜன் வலைச் சுருளைக் கீழே வைத்துவிட்டு அதில் ஒரு துண்டைப் பிரித்துக் காட்டினார்.

"இதப் பாருங்க. சின்னக் கண்ணு. தூங்குமூஞ்சி இலை உள்ள போவாது. தட்டையா வச்சா இலை மேலயே தங்கிடும். அதனால நடுவுல மேடா வளைச்சு ஸ்க்ரூ போடுறேன். காத்தடிச்சா இலை தானா பறந்துடும். வருஷத்துக்கு ஒருக்கா நீளக் கம்புல தொடப்பத்தக் கட்டிக் கீழ நின்னே தட்டிவிட்டுடலாம். அப்புறம் இந்த வூட்ல யாருமே ஏற வேணாங்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

யாருமே ஏற வேண்டாம். அந்த வார்த்தையில் உண்ணாமலையின் முகம் ஒரு கணம் நெகிழ்ந்தது. சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிரசாத் ஏணியைத் தூக்கிச் சந்துக்குள் நடந்தான்.

ராஜராஜன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சன்னல் கம்பியில் முடிந்துவிட்டு ஏறினார். பிரசாத் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகும் பிடியை விடவில்லை.

ஜெயசித்ரா ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து நின்றாள்.

"டீ போடட்டுமா?"

"வேணாம்."

"நேத்து நைட் ஷிப்டா?"

"ம்."

அவ்வளவுதான். இப்படித்தான் ஆகிப்போயிருந்தது. முன்பெல்லாம் சனிக்கிழமை ராத்திரியே ஓடி வருகிறவன், இப்போது மாதத்துக்கு ஒரு முறை வருகிறான். குழந்தையைக் கொஞ்சுகிறான். சாப்பிடுகிறான். போகிறான். அம்மா பேசாத வருத்தம் என்று ஜெயசித்ரா மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டாள். அந்த வருத்தத்துக்குக் காரணம் யார் என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேலிருந்து வாளி வாளியாகக் கறுப்புச் சேறு இறங்கியது. பதினோரு மாத இலை, மக்கி மண்ணாகியிருந்தது. நடுவே ஒரு குருவிக் கூடு. பிரசாத் அதைத் தனியாக எடுத்து வைத்தான். சேற்றைக் கூடையில் அள்ளிக் கொல்லையில் வாழை அடியில் கொட்டிவிட்டு வந்தாள் ஜெயசித்ரா. நாலு நடை ஆயிற்று.

ஐந்தாவது நடைக்குத் திரும்பியபோது மேலே ராஜராஜனின் குரல் கேட்டது.

"தம்பி, குழா வாயில ஒரு செருப்பு சொருகிக் கெடக்குது. அதான் பாதி அடைச்சிருக்கு."

பிரசாத் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அவன் காலடியில் வந்து விழுந்தது.

"செருப்பா?"

சமையலறையிலிருந்து உண்ணாமலை வந்துவிட்டாள். அவளைத் தடுக்க யாருக்கும் நேரம் இல்லை. குனிந்து எடுத்தாள். குழாயடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சேறு போன பிறகு நீல வார் தெரிந்தது. அறுந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

"நான் கட்டினது" என்றாள். "புதுசு வாங்கிக்கங்கன்னேன். இது போதும்னாரு."

குழந்தை உள்ளே எதையோ தட்டி விளையாடும் சத்தம்.

அன்றைக்கு ஏணிக்குக் கீழே ஒரு செருப்பு கிடந்தது. எப்போதும் போல இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறியிருப்பார், இன்னொன்று கூட்டத்தில் மிதிபட்டு எங்கேயோ போயிருக்கும் என்று நினைத்தார்கள். தேட யாருக்கும் தோன்றவில்லை.

"செருப்போட ஏறியிருக்காரு" என்றாள் உண்ணாமலை மெதுவாக. "முப்பது வருஷத்துல ஒருநாள் கூட அவரு செருப்போட ஏணியில கால் வச்சதில்ல. ஏணிக்கடியில ரெண்டும் ஜோடியாக் கெடக்கும். மழையில ரப்பர் செருப்பு வழுக்கும்னு எனக்கே சொல்லுவாரு."

செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழட்டக் கூட நேரமில்லாம அவ்வளவு அவசரம் என்னா வந்துச்சி அவருக்கு?"

ஜெயசித்ராவின் கையிலிருந்த கூடை நழுவியது.

உண்ணாமலை அதைக் கவனிக்கவில்லை. அவள் மகன் பக்கம் திரும்பியிருந்தாள். பதினோரு மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்து, அவனிடமே கேட்டாள்.

"அன்னிக்கு மத்தியானம் நீ போன் பண்ணினியே. என்னா சொன்ன அவருகிட்ட?"

பிரசாத் அம்மாவைப் பார்த்தான். பிறகு, ஒரே ஒரு நொடி, மனைவியைப் பார்த்தான்.

"நான்தாம்மா ஏறச் சொன்னேன்."

"என்னா?"

"நான் வர முடியல, நீங்களே ஏறித் தள்ளி விட்டுடுங்க, சீக்கிரம் பாருங்கன்னேன்."

உண்ணாமலையின் கை செருப்போடு மேலே போனது. பிரசாத் விலகவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. அது அவர் காலில் கிடந்த செருப்பு என்பது நினைவுக்கு வந்தவள் போலக் கையை இறக்கி, அந்த ஈரச் செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வராததுதான் உன் தப்புன்னு நெனைச்சிருந்தேன். வராதது மட்டுமில்லாம ஏத்தியும் விட்டிருக்க." அவள் குரல் உயரவே இல்லை. "கார்த்திகை தெவசத்துக்கு நீ வராத. நீ கொள்ளி வச்சது போதும். எள்ளுத் தண்ணி நீ எறைக்க வேணாம். என் தம்பி பார்த்துப்பான்."

"அம்மா..."

"அம்மான்னு கூப்பிடாத. இந்தப் படியை மிதிக்காத."

பிரசாத் தலையைக் குனிந்துகொண்டான். மறுத்து ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை.

"அத்தை."

ஜெயசித்ராவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அவரு சொல்லலைங்க அத்தை. நான்தான்."

"ஜெயா, நீ உள்ள போ" என்றான் பிரசாத் அவசரமாக.

"போவல." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் தூங்கல. அப்பத்தான் தூளியில போட்டு ஆட்டித் தூங்க வச்சேன். மாமா முந்திரிக் காட்டுலேருந்து நனைஞ்சிக்கிட்டு வந்தாரு. வாசல்ல நின்னு போன் பேசிட்டிருந்தாரு. கூரையிலேருந்து தண்ணி பிச்சிக்கிட்டு எறங்குது. நேரா தூளி மேல. பாப்பா நெத்தி மேல..."

கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"கத்திட்டேன் அத்தை. போன வச்சிக்கிட்டே நிக்கிறீங்களே, வூட்ல ஒரு ஆம்பளைன்னு இருந்து என்ன பிரயோசனம்னு கேட்டுட்டேன். அவர என் வாயால அப்படிக் கேட்டுட்டேன். அவரு அப்படியே, கால்ல செருப்போட திரும்பிப் போனாரு. நான் தூளிய நகத்திக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சி."

உண்ணாமலை அசையாமல் நின்றாள்.

எவ்வளவு திட்டினாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று ஜெயசித்ரா தயாராக இருந்தாள். அடித்தால்கூட நல்லது என்று நினைத்தாள். ஆனால் மாமியார் கேட்டது வேறு.

"நீ கத்தினதுக்கு அவரு என்னா சொன்னாரு?"

"அத்தை..."

"ஒண்ணும் சொல்லாமயா போனாரு?"

ஜெயசித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பதினோரு மாதத்தில் ஒருநாள்கூட அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போனதில்லை.

"'இரும்மா, கத்தாத. பாப்பா முழிச்சிக்கும்'னாரு."

உண்ணாமலை அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கல் கிடந்த இடம் அது. இப்போது வெறும் மண்.

சத்தம் போட்டு அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பாப்பா முழிச்சிக்கும், பாப்பா முழிச்சிக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. கொளஞ்சி பேசுகிற மாதிரியே, இறங்கிய குரலில்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"நீ கத்தினதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லல. நானும் அவரக் கத்தியிருக்கேன். அதவிடக் கேவலமாக் கத்தியிருக்கேன்."

"அத்தை, என்னை மன்னிச்..."

"கடைசியா ஒரு வார்த்தை கூடச் சொல்லாமப் போயிட்டாரேன்னு தெனம் அழுதேன். யாரு மடியில படுத்து அழுதேன்? உன் மடியிலதானே. என்னத்தயாவது சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதான்னு உன்னையே கேட்டேனே. எத்தனை தடவை கேட்டேன்?"

ஜெயசித்ராவால் தலையைத் தூக்க முடியவில்லை.

"பதினோரு மாசமா அந்த வார்த்தைய நீ வச்சிருந்திருக்க. எனக்குக் குடுக்கல."

மேலே, என்ன செய்வதென்று தெரியாமல் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ராஜராஜன், கடைசியில் ட்ரில்லை எடுத்து ஓட்டினார். அந்தச் சத்தம் மூன்று பேருக்கும் ஒரு மறைவாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, தடையில்லாமல் போகிறது என்றார் ராஜராஜன். சாப்பிடச் சொன்னார்கள். இன்னொரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ஆக்கிய சோறு சட்டியிலேயே இருந்தது. குழந்தைக்கு மட்டும் ஊட்டினார்கள்.

உண்ணாமலை ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்தாள்.

"தம்பி வூட்டுக்கு, திருமானூருக்குப் போறேன்."

"நானும் வரட்டுமா அத்தை?"

"நீ வந்தா நான் எதுக்குப் போறேன்?"

குழந்தையைத் தூக்கி உச்சி முகர்ந்தாள். அது பாட்டியின் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. கீழே இறக்கிவிட்டு, "காய்ச்சல் மருந்து அலமாரியில மேல் தட்டுல இருக்கு" என்றாள். ஜெயசித்ராவைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

உண்ணாமலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சமையலறையில் பிரசாத்தும் ஜெயசித்ராவும் தனியாக நின்றார்கள்.

"நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவன் கையிலிருந்த போனை அடுப்பு மேடையில் வைத்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்குப் போன்ல இருந்தது நான்தானே ஜெயா. அப்பா காதுல வச்சிருந்தாரு. நீ சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டுச்சி."

ஜெயசித்ரா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு மாசமா?"

"ம்."

"ஏங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவ. சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் என்னா பண்றதுன்னு தெரியல." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். சுவரில் ஈரம் இறங்கிய தடம் பழுப்பாக இருந்தது. "நான் வந்திருந்தா நீ கத்தியிருக்கவே மாட்ட. அப்ப உன்னை நான் என்னன்னு கேக்கறது? கேக்காமயும் இருக்க முடியல. அதான் வூட்டுக்கே வராம இருந்தேன்."

"நேரம் ஆவுது" என்று வாசலிலிருந்து உண்ணாமலையின் குரல் வந்தது.

"அம்மாவ பஸ் ஏத்திட்டு வந்துடுறேன்" என்று அவன் வெளியே போனான்.

பஸ் நிறுத்தம் பத்து நிமிட நடை. உண்ணாமலை முன்னால் நடந்தாள். பிரசாத் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். வானம் மூடிக்கொண்டு வந்தது. நிழற்குடையில் வேறு யாரும் இல்லை.

"இன்னைக்கி ஏன்டா பொய் சொன்ன?"

"அவ தாங்க மாட்டாம்மா."

"நான் தாங்குவேனா?"

ஒரு முந்திரி மூட்டை லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"போன்ல அவரு உன்கிட்ட என்னா பேசினாரு? இருந்தத இருந்தபடி சொல்லு."

பிரசாத் பையைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

"நான் வரலன்னு சொல்லத்தாம்மா போன் பண்ணினேன். ஓ.டி. ஒத்துக்கிட்டேன். அதச் சொல்றதுக்கு முன்னாடியே, 'சாப்டியாடா'ன்னாரு. 'மழை நல்லா புடிச்சிக்கிச்சி, வண்டிய எடுத்துக்கிட்டு வராத, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'னாரு. நான் சரிப்பான்னேன். வரலன்னு நான் சொல்லவே இல்ல. அவரே சொல்லிட்டாரு."

"அவரே வராதன்னாரா?"

"ஆமாம்மா."

"இதையாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா."

"எப்படியும் நான் வந்திருக்க மாட்டேம்மா. அதச் சொல்லி நான் நல்லவனாயிட முடியுமா?"

உண்ணாமலை மகனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முப்பத்திரண்டு வயதில் காதோரம் நரைத்திருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமும் அவன் வந்தபோதெல்லாம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அரியலூர் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். படியில் கால் வைத்தவள் திரும்பி, "தெவசத்துக்கு வா" என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பஸ் திருப்பத்தில் மறையும் வரை பிரசாத் நிழற்குடையிலேயே நின்றுகொண்டிருந்தான். சன்னல் வழியாக உண்ணாமலை அதைப் பார்த்தாள்.

ஐந்தரை மணிக்கு மழை பிடித்தது. முதலில் தகரத்தில் கல்லெறிந்த மாதிரி நாலு துளி. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது.

ஜெயசித்ரா பழக்கத்தில் எழுந்து போய் அண்டாவையும் வாளியையும் எடுத்து வந்து கூடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. வெளியே சந்தில் குழாய் வழியாகத் தண்ணீர் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. காலியான வாளிகளுக்கு நடுவே அவள் நின்றாள். ஒரு கம்பி வலை. அன்றைக்கே இது இருந்திருந்தால்.

குழந்தை வாளிக்குள் தலையை விட்டுக் கூவி விளையாடியது.

ஆறு மணி. ஆறரை. பிரசாத் வரவில்லை. மழைக்கு எங்கேயாவது ஒதுங்கி நிற்பான் என்று நினைத்தாள். போன் செய்தாள். மணி சத்தம் சமையலறையிலிருந்தே கேட்டது. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டே போயிருந்தான். துணிப் பையும் ஆணியில் தொங்கியது.

ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது. அத்தை.

எடுத்தாள். அங்கேயும் மழை பெய்கிற இரைச்சல்.

"ஒழுவுதா?" என்றாள் உண்ணாமலை.

"இல்லைங்க அத்தை. ஒரு சொட்டு இல்ல."

"பாப்பா சாப்டாளா?"

"சாப்டா."

ஜெயசித்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அத்தை வைத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

"அவன்கிட்ட குடு. காலையில வாயில வந்தத எல்லாம் பேசிட்டேன். பஸ்ல வந்ததுலேருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு வார்த்தை பேசிடுறேன்."

"அத்தை..."

"என்னா?"

"அவரு இன்னும் வரலைங்க."

"வரலையா? நாலேகாலுக்கே என்னை ஏத்திட்டானே."

"போனும் இங்கயே இருக்கு. பையும் இங்கதான் இருக்கு."

மழையின் இரைச்சல் மட்டும் கேட்டது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்தறிய முடியவில்லை.

"வாசல் லைட்டைப் போடு" என்றாள் உண்ணாமலை.

"போட்டிருக்கேன் அத்தை."

"கதவத் தொறந்து வை."

ஜெயசித்ரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்கதவைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. ரோடு முழுக்கத் தண்ணீர். ஆள் யாரும் இல்லை.

"தெரியறானா?"

"இல்லைங்க அத்தை."

மறுமுனையில் உண்ணாமலை கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நீ போன வைக்காத ஜெயா" என்றாள். "அவன் வர்ற வரைக்கும் வைக்காத."

"வைக்கலைங்க அத்தை."

அவள் வாசற்படியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. போன் காதில் சுட்டது. திருமானூரில் யாரோ கதவை மூடச் சொல்வதும், வேண்டாம் என்று அத்தை தடுப்பதும் கேட்டது. ரோட்டின் கோடியில் ஒரு வண்டியின் விளக்கு தெரிந்தது. ஜெயசித்ரா எழுந்து நின்றாள்.

வண்டி நிற்காமல் கடந்து போனது.